வேதம், திரித்துவம், இரட்சிப்பு: பின்னாலிருந்து வாசித்தால் புரிவது

ஞானஸ்நானத்தின்போது பெரும்பாலான சபைகளில் சொல்லப்படும் வாசகம் மிகச் சிறியது: "பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்திலே." கத்தோலிக்கர் அதைத் திருமுழுக்கு என்பார்கள். தண்ணீரைத் தெளித்தாலும் ஊற்றினாலும் முழுக வைத்தாலும் வாசகம் மாறுவதில்லை. மத்தேயு 28:19-இலிருந்து வரும் அந்த வரியில் மூன்று பெயர்கள் உண்டு. "நாமம்" மட்டும் ஒருமையில் நிற்கிறது. வேதத்திலிருந்து எடுத்த ஒரே வரி, கடவுள் யார் என்று சொல்லிவிட்டு, ஒரு மனிதரை இரட்சிக்கப்பட்டவர்களின் கூட்டத்தில் சேர்த்துவிடுகிறது. கிறிஸ்தவத்தின் மூன்று அடிப்படைகளும் அங்கே பிரிக்க முடியாமல் கலந்திருக்கின்றன.

உபதேச நூல்கள் இவற்றைப் பிரித்து வரிசைப்படுத்தும். முதலில் வேதம், அடுத்து கடவுள், கடைசியில் இரட்சிப்பு. பாடம் நடத்த இது வசதியான வரிசைதான். ஆனால் இந்த நம்பிக்கைகள் தெளிவான வடிவம் பெற்ற வரிசை ஏறக்குறைய இதற்கு நேர்மாறானது. இரட்சிப்பைப் பற்றிய அறிவிப்பு முதலில் வந்தது. இரட்சித்தவர் யார் என்ற கேள்வி அதன்பின் எழுந்தது. அந்தக் கேள்விக்கு நிசேயா நகரில் கூடிய ஆயர்களின் சங்கத்தில் பதில் எழுதப்பட்ட 325-ஆம் ஆண்டில், புதிய ஏற்பாட்டின் 27 நூல்களும் இன்றுள்ளபடியே அடங்கிய ஒரு பட்டியல்கூட நமக்குக் கிடைத்திருக்கவில்லை. அத்தகைய முதல் பட்டியல் 367-இல் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் தம் சபைகளுக்கு எழுதிய ஈஸ்டர் மடலில்தான் வருகிறது. இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டால், வறட்டு இலக்கணம்போலத் தோன்றும் பல உபதேசங்கள் எதற்காக எழுதப்பட்டன என்பது விளங்கும்.

முதலில் வந்த அறிவிப்பு

பவுல் கொரிந்து சபைக்கு முதல் நிருபத்தை எழுதியது கி.பி. 55-ஐ ஒட்டி. நான்கு சுவிசேஷங்களில் ஒன்றுகூட அப்போது எழுதப்பட்டிருக்கவில்லை என்பது பெரும்பாலான அறிஞர்களின் கணிப்பு. அந்த நிருபத்தின் 15-ஆம் அதிகாரத்தில், தனக்கு முன்பே இருந்து தான் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி ஒரு சுருக்கத்தை அவர் தருகிறார்: "கிறிஸ்துவானவர் வேதவாக்கியங்களின்படி நமது பாவங்களுக்காக மரித்து, அடக்கம்பண்ணப்பட்டு, வேதவாக்கியங்களின்படி மூன்றாம்நாளில் உயிர்த்தெழுந்து..." இதில் "வேதவாக்கியங்கள்" என்பது யூதர்களின் எபிரெய வேதம், அதாவது இன்றைய பழைய ஏற்பாடு. வேதம் ஏற்கெனவே கையில் இருந்தது. புதிதாக வந்தது ஒரு நிகழ்ச்சியும், அது "நமது பாவங்களுக்காக" நடந்தது என்ற அறிவிப்பும்தான்.

இங்கே "பாவம்" என்ற சொல்லில் தமிழ் வாசகர் சற்று நிற்க வேண்டும். பாவ புண்ணியக் கணக்கு என்று நாம் பழகிய சொல்லில், செய்த தீமையும் செய்த நன்மையும் ஒன்றையொன்று ஈடுகட்டும். கிறிஸ்தவ உபதேசத்தில் பாவம் என்பது செயல்களின் பட்டியல் ஆவதற்கு முன், ஒரு நிலை. படைத்தவரோடு உறவு அறுந்து, மனிதரின் விருப்பமே கோணிப்போன நிலை. புதிய ஏற்பாடு அதிகம் பயன்படுத்தும் கிரேக்கச் சொல்லான ஹமார்த்தியா, குறி தவறுதல் என்ற வேரிலிருந்து வருவது. நிலையே கெட்டிருக்கும்போது நல்ல செயல்களைக் கூட்டிக் கழித்து அதைச் சரிசெய்ய முடியாது. ஆகவேதான் இரட்சிப்பு சம்பாதிப்பதல்ல, கொடுக்கப்படுவது என்று எல்லாச் சபைகளும் சொல்கின்றன: "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு" (எபேசியர் 2:8).

சிலுவை மரணம் எப்படி மனிதரை மீட்கிறது? இதற்குப் புதிய ஏற்பாடு ஒரே விளக்கம் தருவதில்லை. பல உருவகங்களைத் தருகிறது. நீதிமன்றத்திலிருந்து ஒன்று: குற்றவாளி நீதிமானாக்கப்படுகிறார். அடிமைச் சந்தையிலிருந்து ஒன்று: விலை கொடுத்து மீட்கப்படுகிறார். ஆலயத்திலிருந்து பலி, போர்க்களத்திலிருந்து வெற்றி, வீட்டிலிருந்து புத்திர சுவிகாரம், பகைத்துப் பிரிந்தவர்களிடமிருந்து ஒப்புரவு. கவனிக்க வேண்டிய விஷயம், ஆயர்கள் கூடி முடிவெடுத்த பொதுச்சங்கங்கள் எதுவும் இவற்றில் ஒன்றைப் பிடித்து "இதுதான் அதிகாரபூர்வ விளக்கம்" என்று அறுதியிடவில்லை. இரட்சித்தவர் யார் என்பதில் எழுத்துக்கு எழுத்து சண்டையிட்ட சபை, இரட்சித்த விதத்தில் உருவகங்களைத் திறந்தே விட்டுவைத்தது. அது நல்லதொரு முடிவு என்பதே என் எண்ணம்.

ஏனெனில் ஒரே உருவகத்தை அளவுக்கு மீறி இழுத்தால் அது முறிந்துவிடும். மீட்கும் பொருள் என்றால் அது யாருக்குக் கொடுக்கப்பட்டது? ஆதிச் சபை ஆசிரியர்களான ஓரிகனும் நிசாவின் கிரகோரியும் பிசாசுக்கு என்று சொன்னார்கள். இன்னோர் ஆசிரியரான நசியான்சின் கிரகோரி, கொள்ளைக்காரனுக்கா கடவுள் விலை கொடுப்பார் என்று அதை மறுத்தார். 1098-இல் காண்டர்பரி பேராயர் அன்செல்ம், மனிதர் கடவுளுக்குச் செலுத்தத் தவறிய கனத்தைக் கிறிஸ்து செலுத்தினார் என்று விளக்கினார். 16-ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதிகள் நீதிமன்ற உருவகத்தை முன்னுக்குக் கொண்டுவந்து, நமக்குரிய தண்டனையை அவர் ஏற்றார் என்றார்கள். இந்தக் கடைசி விளக்கம் இன்று பிரசங்கங்களில் அதிகம் கேட்கப்படுகிறது. அதிகம் கெட்டுப்போவதும் இதுதான். கோபக்காரத் தந்தை ஒருபுறம், இரக்கமுள்ள மகன் மறுபுறம், நடுவில் மகன் அடி வாங்கி நம்மைக் காப்பாற்றுகிறார் என்று சொல்லும்போது, கேட்பவர் நியாயமாகவே கேட்பார்: குற்றமற்ற மூன்றாம் ஆளைத் தண்டிப்பது என்ன நீதி?

கிறிஸ்து மூன்றாம் ஆள் என்றால் இதற்குப் பதிலே கிடையாது. பவுல் எழுதுவது வேறு: "தேவன் கிறிஸ்துவுக்குள் உலகத்தைத் தமக்கு ஒப்புரவாக்கி" (2 கொரிந்தியர் 5:19). சிலுவையில் இருப்பவர் வழியாகச் செயல்படுபவர் கடவுளே. கடவுள் வேறொருவரைப் பலிகொடுத்து அன்பைக் காட்டவில்லை. தாமே விலையை ஏற்றார். இந்த வாக்கியம் நிற்க வேண்டுமானால் குமாரன் உண்மையிலேயே கடவுளாக இருக்க வேண்டும். திரித்துவ உபதேசம் பிறந்த இடம் இதுதான்.

ஒரு எழுத்தில் தொங்கிய கேள்வி

கி.பி. 318-ஐ ஒட்டி அலெக்சாந்திரியாவில் ஆரியுஸ் என்ற மூப்பர், குமாரன் படைக்கப்பட்டவர்களுள் முதன்மையானவர், எல்லாவற்றிலும் உயர்ந்தவர், ஆனாலும் படைக்கப்பட்டவரே என்று போதித்தார். "அவர் இல்லாதிருந்த ஒரு வேளை உண்டு" என்பது அந்தத் தரப்பின் புகழ்பெற்ற வாசகம். ஆரியுஸின் நோக்கம் கடவுளை அவமதிப்பதல்ல. ஒரே கடவுள் என்ற நம்பிக்கையைக் காப்பது. "இஸ்ரவேலே, கேள்: நம்முடைய தேவனாகிய கர்த்தர் ஒருவரே கர்த்தர்" (உபாகமம் 6:4) என்பதைக் கிறிஸ்தவர்கள் எவரும் கைவிடவில்லை.

அத்தனாசியுஸ் தந்த பதிலின் மையம் இரட்சிப்பு. படைக்கப்பட்ட ஒருவரால் இன்னொரு படைப்பைக் கடவுளோடு இணைக்க முடியாது. தானே கடவுளுக்கு வெளியே நிற்பவர் யாரையும் உள்ளே கொண்டுவர முடியாது. மேலும் கிறிஸ்தவர்கள் இயேசுவை வணங்குகிறார்கள். அவர் படைப்பு என்றால் அந்த வழிபாடே விக்கிரக ஆராதனை. எனவே நிசேயா சங்கம் குமாரனை "உண்டாக்கப்படாமல் பிறப்பிக்கப்பட்டவர்", பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்று அறிக்கையிட்டது. ஒரே தன்மை என்பதற்கு அவர்கள் எடுத்த கிரேக்கச் சொல் ஹோமோஊசியோஸ். பின்னர் வந்த ஒரு குழு, ஹோமோயூசியோஸ், அதாவது ஒத்த தன்மை என்று மாற்றலாம் என்றது. கிரேக்க எழுத்தில் வேறுபாடு ஒரு அயோட்டா மட்டுமே. ஒத்திருப்பது வேறு, ஒன்றாயிருப்பது வேறு என்பதால் அந்த ஒரு எழுத்துக்காகப் பல பத்தாண்டுகள் போராட்டம் நடந்தது. அத்தனாசியுஸ் ஐந்து முறை நாடுகடத்தப்பட்டார். பரிசுத்த ஆவியைப் பற்றி நிசேயா ஒரு வரிக்கு மேல் சொல்லவில்லை. 381-இல் கான்ஸ்டான்டினோபிள் சங்கம்தான், பிதாவோடும் குமாரனோடும் கூட அவர் வணங்கப்படுகிறவர் என்று அதை நிறைவுசெய்தது. இன்று ஞாயிறுதோறும் பல சபைகளில் சொல்லப்படும் நிசேயா விசுவாசப்பிரமாணம் உண்மையில் இந்த 381 வடிவத்தைச் சார்ந்தது. வேதாகமத்தில் எந்தெந்த நூல்கள் இடம்பெறும் என்று நிசேயாவில் வாக்கெடுப்பு நடந்ததாகப் பரவலாகச் சொல்லப்படுவது தவறு. அந்தச் சங்கத்தின் தீர்மானங்களில் நூல்பட்டியலே இல்லை.

வட ஆப்பிரிக்க ஆயர் அகுஸ்தீன் இந்த உபதேசத்தைச் சுருக்கிய விதம் இன்றும் நல்ல அளவுகோல். ஏழு சிறு வாக்கியங்கள். பிதா கடவுள், குமாரன் கடவுள், ஆவி கடவுள், பிதா குமாரன் அல்ல, குமாரன் ஆவி அல்ல, ஆவி பிதா அல்ல, கடவுள் ஒருவரே. ஏழையும் ஒருசேரப் பிடிப்பதுதான் திரித்துவ நம்பிக்கை. ஏதாவதொன்றைத் தளரவிட்டால் என்ன ஆகும் என்பதும் இதிலேயே தெரியும். முதல் மூன்றில் ஒன்றை விட்டால் ஆரியுஸின் நிலை. நடு மூன்றை விட்டால் சபெல்லியுஸின் பெயரால் அறியப்படும் நிலை: ஒரே கடவுள் மூன்று வேடங்களில் வருகிறார் என்பது. கடைசியை விட்டால் மூன்று தெய்வங்கள்.

பிரசங்கங்களிலும் ஞாயிறு பள்ளிகளிலும் சொல்லப்படும் உவமைகளை இந்த ஏழின்மேல் வைத்துப் பாருங்கள். தண்ணீர், பனிக்கட்டி, நீராவி என்பது சபெல்லியுஸின் போதனையேதான். ஒரே தண்ணீர் வடிவம் மாறுகிறது. ஒரே மனிதர் தந்தையாகவும் கணவராகவும் ஊழியராகவும் இருக்கிறார் என்பதும் அதுவே. இயேசு ஞானஸ்நானம் பெற்றபோது குமாரன் தண்ணீரில் நிற்க, ஆவி இறங்க, பிதாவின் குரல் கேட்டதே, அதற்கு இந்த உவமைகளில் இடமில்லை. முட்டையின் ஓடு, வெள்ளை, மஞ்சள் என்றால் ஒவ்வொன்றும் மூன்றிலொரு பங்குதான். பிதா மூன்றிலொரு பங்கு கடவுள் என்று எவரும் நம்பவில்லை. சூரியன், ஒளி, வெப்பம் என்பது பழைய ஆசிரியர்களே பயன்படுத்திய உவமை; பிரிக்க முடியாமையைக் காட்ட உதவும், ஆனால் வெப்பம் சூரியனின் விளைவே தவிர இன்னொரு "யார்" அல்ல. குழந்தைகளுக்குக்கூட உவமையை விட்டுவிட்டு அந்த ஏழு வாக்கியங்களையே சொல்லிக்கொடுக்கலாம். அவை புதிரை அவிழ்க்காது. ஆனால் பொய் சொல்லாது.

ஆயர் பசிலியும் மேலே சொன்ன இரு கிரகோரிகளும் தந்த சொல்லாட்சி இன்னும் ஒரு படி உதவும். "என்ன?" என்று கேட்டால் பதில் ஒன்று: ஒரே ஊசியா, ஒரே இருப்பு. "யார்?" என்று கேட்டால் பதில் மூன்று: மூன்று ஹிப்போஸ்டாசிஸ். ஒன்று என்பதும் மூன்று என்பதும் ஒரே கேள்விக்குரிய பதில்கள் அல்ல என்பதால், ஒன்றும் மூன்றும் சமம் என்ற கணக்குப் பிழை இங்கே இல்லை. தமிழில் மூன்று ஆள்கள், மூன்று நபர்கள் என்று சொல்லும்போது, மூன்று தனித்தனி மனமும் விருப்பமும் கொண்ட மூன்று பேரை நாம் கற்பனை செய்துவிடுகிறோம். அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு இந்தப் பொருள் இல்லை. மூவருக்கும் விருப்பம் ஒன்று, செயல் ஒன்று. வேறுபடுத்துவது ஒருவருக்கொருவர் உள்ள உறவு மட்டுமே. பிதா பிறப்பிப்பவர், குமாரன் பிறப்பிக்கப்படுபவர், ஆவி புறப்படுபவர். ஆவி பிதாவிடமிருந்து மட்டும் புறப்படுகிறாரா, குமாரனிடமிருந்துமா என்பதில் கிழக்கின் மரபுவழி (ஆர்த்தடாக்ஸ்) சபைகளும் மேற்கின் சபைகளும் பிரிந்தன. அந்தக் கருத்து வேறுபாடு இன்றும் தீரவில்லை.

உண்மையான மனிதர், அவதாரம் அல்ல

இரட்சிக்க அவர் கடவுளாக இருக்க வேண்டும் என்றால், அவர் மனிதராகவும் இருந்தே ஆக வேண்டும். கிறிஸ்துவுக்கு மனித உடல் உண்டு, மனித மனம் இல்லை, அதன் இடத்தில் தெய்வீக வார்த்தை (அதாவது குமாரன்) இருந்தது என்று அப்பொலினாரியுஸ் கற்பித்தபோது, நசியான்சின் கிரகோரி ஒரே வாக்கியத்தில் பதில் சொன்னார்: ஏற்கப்படாதது குணமாக்கப்படவில்லை. நம் மனமும்தான் கெட்டிருக்கிறது. அவர் அதை ஏற்கவில்லை என்றால் அது மீட்கப்படவும் இல்லை. இங்கும் வாதத்தின் அச்சு இரட்சிப்பே.

451-இல் கல்செதோன் சங்கம், ஒரே கிறிஸ்து இரண்டு தன்மைகளில் இருக்கிறார் என்று சொல்லி நான்கு எதிர்மறைகளால் வேலி போட்டது: கலவாமல், மாறாமல், பிரியாமல், விலகாமல். எப்படி என்று அது விளக்கவில்லை. எங்கே தடம் புரளும் என்று மட்டும் காட்டியது. கோப்து, சிரிய, ஆர்மேனிய, எத்தியோப்பிய மரபுச் சபைகள் கல்செதோனின் சொல்லாட்சியை ஏற்கவில்லை. ஆனால் அவையும் கிறிஸ்து முழுக் கடவுள், முழு மனிதர் என்றே அறிக்கையிடுகின்றன.

தமிழில் இதற்கு "அவதாரம்" என்ற சொல் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. புழக்கத்தில் உள்ள சொல்தான், ஆனாலும் அது இழுத்துவரும் கருத்துகள் வேறு. அவதாரங்கள் பல, வேலை முடிந்ததும் அந்த உருவம் களையப்படும். இங்கே சொல்லப்படுவது ஒரே முறை நடந்தது, களையப்படாதது. உயிர்த்தெழுந்த பின்னும் அவர் மனிதரே, என்றென்றும் மனிதரே. அவருக்குப் பசித்தது, களைத்தார், அழுதார், கடைசி நாளின் வேளை தமக்குத் தெரியாது என்றார் (மாற்கு 13:32). "மனுவுருவானார்" அல்லது வெறுமனே "மனிதரானார்" என்பதே பொருத்தமான சொல்.

"என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்" (யோவான் 14:28) என்ற வசனத்தைக் காட்டி, இயேசுவே தம்மைக் கடவுள் அல்ல என்றாரே என்று கேட்பவர்கள் உண்டு. அதே சுவிசேஷம் "அந்த வார்த்தை தேவனாயிருந்தது" என்று தொடங்கி, தோமா அவரை "என் ஆண்டவரே, என் தேவனே" என்று அழைப்பதில் உச்சம் பெறுகிறது. இரண்டையும் எழுதியவர் முரண்பாட்டைக் கவனிக்காமல் விட்டிருக்க முடியாது. அகுஸ்தீன் பிலிப்பியர் 2:6-7-இலிருந்து ஒரு வாசிப்பு முறையை எடுத்தார். தேவ ரூபத்தில் அவரைப் பற்றிப் பேசும் வசனங்கள் உண்டு, அடிமையின் ரூபத்தில் பேசும் வசனங்கள் உண்டு. எது எந்த வகை என்று முதலில் கேள்.

விசுவாசமா, கிரியையா

இரட்சிப்பை மனிதர் எப்படிப் பெற்றுக்கொள்கிறார் என்பதில்தான் மேற்கத்திய சபை உடைந்தது. சண்டை கிருபை தேவையா இல்லையா என்பதில் அல்ல. மனிதர் தம் முயற்சியாலேயே நீதியாக வாழ முடியும் என்ற பெலாகியுஸின் கருத்தை 418-இல் கார்த்தேஜ் சங்கம் கண்டித்துவிட்டது. கத்தோலிக்கர் அதை இன்றும் கண்டிக்கிறார்கள். 16-ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தரின் கேள்வி, கடவுள் ஒருவரை நீதிமான் என்று ஏற்பது அவருக்குள் உண்டான மாற்றத்தைப் பார்த்தா, கிறிஸ்துவின் நீதியைப் பார்த்தா என்பது. கிரேக்க வினைச்சொல் நீதிமான் என்று தீர்ப்பளிப்பதையும், லத்தீன் வினைச்சொல்லின் அமைப்பு நீதிமானாக ஆக்குவதையும் நினைவூட்டும். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு "நீதிமானாக்கப்படுகிறான்" என்கிறது. திருவிவிலியம் "ஏற்புடையவர்" என்ற சொல்லை எடுக்கிறது. சுவாரசியம் என்னவென்றால், புராட்டஸ்டன்ட் மொழிபெயர்ப்பின் சொல் "ஆக்குதல்" பக்கமும், கத்தோலிக்கர் பயன்படுத்தும் சொல் "ஏற்றுக்கொள்ளுதல்" பக்கமும் சாய்கிறது.

இதற்குப் பதிலாகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து சங்கம் 1547-இல் தன் நிலையை வகுத்தது. 452 ஆண்டுகளுக்குப் பின், 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன: நம் தகுதியால் அல்ல, கிருபையால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைக்கும் விசுவாசத்தில் நாம் ஏற்கப்படுகிறோம், நற்செயல்களுக்கு அழைக்கப்பட்டு அதற்கு ஆற்றலும் பெறுகிறோம். மெதடிஸ்டுகள் 2006-இலும், சீர்திருத்த சபைகளின் உலக ஐக்கியம் 2017-இலும் இதில் இணைந்தன. எல்லா வேறுபாடும் தீரவில்லை. ஆனாலும் "கத்தோலிக்கர் கிரியையால் இரட்சிப்பு என்கிறார்கள், புராட்டஸ்டன்டுகள் நற்செயலே வேண்டாம் என்கிறார்கள்" என்ற இரண்டு கேலிச்சித்திரங்களையும் இனி யாரும் நேர்மையாகச் சொல்ல முடியாது.

பவுலும் யாக்கோபும் மோதுகிறார்கள் என்ற பழைய குற்றச்சாட்டை வசனங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் நிறையத் தெளியும். பவுல் ரோமர் 4-இல் காட்டுவது ஆதியாகமம் 15: ஆபிரகாம் வாக்குத்தத்தத்தை விசுவாசித்தார், அது அவருக்கு நீதியாக எண்ணப்பட்டது. யாக்கோபு அதே வரியை மேற்கோள் காட்டினாலும் ஆதியாகமம் 22-இலிருந்து அதைப் பார்க்கிறார்: ஈசாக்கு பிறந்து வளர்ந்த பின் நடந்த சோதனையில் அந்த விசுவாசம் செயலில் தெரிந்தது. பவுல் உறவு தொடங்கும் இடத்தைச் சொல்கிறார். யாக்கோபு அது உயிரோடிருக்கிறதா என்று பார்க்கும் இடத்தைச் சொல்கிறார். யாக்கோபு தாக்கும் "விசுவாசம்" எது என்பதையும் கவனிக்க வேண்டும்: "பிசாசுகளும் விசுவாசித்து, நடுங்குகின்றன." தகவலை ஒப்புக்கொள்ளும் விசுவாசம் அது. அறிதல், ஒப்புக்கொள்ளுதல், தன்னையே ஒப்படைத்துச் சார்தல் என்று விசுவாசத்தில் மூன்று கூறுகளைப் பிற்கால ஆசிரியர்கள் பிரித்தார்கள்; மூன்றாவது இல்லாத இடத்தைத்தான் யாக்கோபு செத்தது என்கிறார். எபேசியர் 2-இலும் இதே இணைப்பு இருக்கிறது. 9-ஆம் வசனம் "இது கிரியைகளினால் உண்டானதல்ல" என்கிறது. அடுத்த வசனமே நற்கிரியைகளுக்காக நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்கிறது. 9-இல் நிறுத்துபவரும் 10-இல் தொடங்குபவரும் ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள்.

"இரட்சிக்கப்பட்டுவிட்டீர்களா?" என்ற கேள்விக்குப் புதிய ஏற்பாடு மூன்று காலங்களிலும் பதில் சொல்லும். இரட்சிக்கப்பட்டீர்கள் (எபேசியர் 2:8), இரட்சிக்கப்படுகிற நாம் (1 கொரிந்தியர் 1:18), இரட்சிக்கப்படுவோம் (ரோமர் 5:9). முதலாவதை மட்டும் பிடித்தால் அலட்சியம் வரும். மூன்றாவதை மட்டும் பிடித்தால் ஓயாத பயம் வரும். கிழக்கு மரபுச் சபைகள் இந்த முழுப் பயணத்தையும் கடவுளின் வாழ்வில் பங்குபெறுதல் என்று வருணிக்கின்றன. "திவ்விய சுபாவத்துக்குப் பங்குள்ளவர்கள்" (2 பேதுரு 1:4) என்ற சொற்றொடர் அவர்களுக்கு மையம்.

பயணத்தின் முடிவு உடலை உதறிவிட்டுப் போவதல்ல. முக்தி, மோட்சம் என்ற சொற்களோடு பழகிய காதுக்கு இது அழுத்திச் சொல்லப்பட வேண்டும். விசுவாசப்பிரமாணம் மரித்தோரின் உயிர்த்தெழுதலை எதிர்பார்க்கிறது. வெளிப்படுத்தல் 21-இல் மனிதர்கள் மேலே போவதில்லை. நகரம் கீழே இறங்கி வருகிறது.

நூல்கள்

இப்போது வேதத்துக்கு வரலாம். புராட்டஸ்டன்ட் வேதாகமத்தில் 66 நூல்கள்: 39-உம் 27-உம். கத்தோலிக்க வேதாகமத்தில் 73: 46-உம் 27-உம். வேறுபாடு முழுவதும் பழைய ஏற்பாட்டில்தான்: தோபித்து, யூதித்து, இரண்டு மக்கபேயர் நூல்கள், சாலமோனின் ஞானம், சீராக், பாரூக்கு ஆகிய ஏழு நூல்களும், எஸ்தர், தானியேல் நூல்களில் சில பகுதிகளும். கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தாவில் இவை இருந்தன. ஆதிச் சபை பயன்படுத்தியது பெரும்பாலும் அதைத்தான். எபிரெயத் தொகுப்பில் இவை இல்லை. யூதர்கள் தம் நூல்களை 24 என்று எண்ணுவதைப் பார்த்து ஏதோ விடுபட்டிருக்கிறது என்று நினைக்க வேண்டாம். சாமுவேல், இராஜாக்கள், நாளாகமம் ஒவ்வொன்றும் ஒரே நூல். எஸ்றாவும் நெகேமியாவும் ஒன்று. பன்னிரண்டு சிறு தீர்க்கதரிசிகளும் ஒன்று. 39-இல் 15 குறைந்து 24 ஆகிறது, உள்ளடக்கம் அதேதான். கத்தோலிக்கப் பட்டியலைத் திரெந்து சங்கம் 1546-இல் இறுதியாக்கியது. மரபுவழிச் சபைகளின் பட்டியல் இன்னும் நீளம். எத்தியோப்பியச் சபை 81 என்று எண்ணுகிறது.

27 நூல்கள் எப்படி நிலைபெற்றன? 144-ஐ ஒட்டி மார்சியோன் என்பவர் பழைய ஏற்பாட்டையே தள்ளிவிட்டு, வெட்டிச் சுருக்கிய லூக்காவையும் பவுலின் பத்து நிருபங்களையும் மட்டும் ஏற்றார். அவருடைய காரணமும் இரட்சிப்பைப் பற்றியதே: படைத்த கடவுள் வேறு, மீட்கும் கடவுள் வேறு என்று அவர் நம்பினார். சபை இரண்டையும் ஒருவரே என்று அறிக்கையிட்டதால் இரண்டு ஏற்பாடுகளையும் ஒரே நூலாக வைத்துக்கொண்டது. இரண்டாம் நூற்றாண்டின் இறுதிக்குள் நான்கு சுவிசேஷங்களும் பவுலின் நிருபங்களும் பரவலாக வாசிக்கப்பட்டன. எபிரெயர், 2 பேதுரு, வெளிப்படுத்தல் முதலிய சிலவற்றில்தான் தயக்கம் நீடித்தது. அப்போஸ்தலரோடு தொடர்பு, எங்கும் உள்ள சபைகளில் வழிபாட்டில் வாசிக்கப்பட்டது, பெற்றுக்கொண்ட விசுவாசத்தோடு இசைவு ஆகியவையே எடைபோடப்பட்டன.

இந்த நூல்கள் கடவுளால் அருளப்பட்டவை என்ற நம்பிக்கைக்கு அடிப்படையான வசனம் 2 தீமோத்தேயு 3:16. அங்குள்ள கிரேக்கச் சொல், கடவுளின் மூச்சிலிருந்து வந்தது என்ற பொருள் தரும். ஆனால் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் இதை ஒருவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதியது என்று புரிந்துகொள்வதில்லை. நூல்களே அதற்கு இடம் தருவதில்லை. லூக்கா தாம் விசாரித்து ஆராய்ந்து எழுதுவதாக முதல் நான்கு வசனங்களில் சொல்கிறார். பவுல் 1 கொரிந்தியர் 1:14-16-இல், இருவரைத் தவிர உங்களில் யாருக்கும் நான் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை என்று எழுதிவிட்டு, ஸ்தேவானின் வீட்டாரும் உண்டு என்று நினைவுக்கு வந்து திருத்திக்கொள்கிறார்; வேறு யாருக்காவது கொடுத்தேனோ தெரியாது என்றும் சேர்க்கிறார். மனித நினைவும் மொழியும் ஆளுமையும் அப்படியே இருக்க, அவற்றின் வழியாகக் கடவுள் பேசினார் என்பதே உபதேசம். பிழையின்மை எவ்வளவு தூரம் நீள்கிறது என்பதில் சபைகள் வேறுபடுகின்றன. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல், நம் மீட்புக்காகக் கடவுள் எழுதிவைக்க விரும்பிய உண்மையை வேதம் பிழையின்றிக் கற்பிக்கிறது என்றது. புராட்டஸ்டன்ட் சுவிசேஷகத் தரப்பினர் வெளியிட்ட 1978-இன் சிகாகோ அறிக்கை, வரலாறு, இயற்கை பற்றிய கூற்றுகளிலும் மூலப்பிரதிகள் பிழையற்றவை என்றது.

மூலப்பிரதிகள் நம்மிடம் இல்லை. பிரதிகளின் பிரதிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றை ஒப்பிடும்போது சில இடங்கள் பின்னர் சேர்ந்தவை என்று தெரிகிறது. அவற்றுள் நம் பேசுபொருளுக்கு நெருக்கமானது 1 யோவான் 5:7: "பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர், பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்பவர்களே..." பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இது இருக்கிறது. பழைய கிரேக்கப் பிரதிகளில் இல்லை. கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சில் வெளியிட்ட அறிஞர் எராஸ்மஸ் 1516, 1519 பதிப்புகளில் இதைச் சேர்க்கவில்லை, 1522-இல்தான் சேர்த்தார். திரித்துவத்தை நிறுவ இந்த வசனத்தை எடுப்பவர் தம் வாதத்தைத் தாமே பலவீனப்படுத்துகிறார். நிசேயாவிலோ கான்ஸ்டான்டினோபிளிலோ போராடிய கிரேக்க ஆயர்கள் இந்த வரியைக் காட்டி வாதிடவே இல்லை. அவர்களுக்கு அது தேவைப்படவும் இல்லை.

வாசிப்பில் நேரும் பெரிய தவறு இதைவிட எளிமையானது. இன்றைய அதிகாரப் பிரிப்பு 13-ஆம் நூற்றாண்டில் ஸ்டீபன் லாங்டனோடு தொடர்புடையது. புதிய ஏற்பாட்டின் வசன எண்களை ராபர்ட் எஸ்தியேன் 1551-இல் அச்சிட்டார். எழுதியவர்கள் எவரும் "வசனம்" என்ற அலகில் எழுதவில்லை. தனி வசனத்தை உருவி எடுப்பதன் ஆபத்தை வேதமே காட்டுகிறது: மத்தேயு 4-இல் பிசாசு சங்கீதம் 91-ஐச் சரியாகவே மேற்கோள் காட்டுகிறான். இயேசுவின் பதில், "என்றும் எழுதியிருக்கிறதே" என்று இன்னொரு பகுதியை அதன் பக்கத்தில் வைப்பது.

இந்தப் பழக்கத்தைக் கைக்கொள்ள விரும்புபவர் எரேமியா 29:11-இல் தொடங்கலாம். சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்று வாழ்த்து அட்டைகளில் அச்சாகும் வசனம் அது. முதலில் யாருக்கு எழுதப்பட்டது என்று பாருங்கள்: பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு. என்ன வகை எழுத்து என்று பாருங்கள்: ஒரு கடிதம். பிறகு ஒரு வசனம் பின்னால் போங்கள். 10-ஆம் வசனம் இது எழுபது ஆண்டுகள் கழிந்த பின் நடக்கும் என்கிறது. அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்டவர்களில் பெரும்பாலோர் அதைக் காண உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள். அவர்களுக்கு அதற்கு முன்பே, 5-ஆம் வசனத்தில், வேறொன்று சொல்லப்பட்டிருக்கிறது: வீடு கட்டுங்கள், குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், அதன் கனியைச் சாப்பிடுங்கள்.